நடுவில் ஆள், ஓரத்தில் ஊர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் முப்பது வருஷமாக மாட்டியிருக்கிறது. அப்பாவும் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் வளைவு வளைவாக ஒரு செங்கல் கட்டிடம். திண்டிவனத்திலிருந்து மெட்ராஸ் பார்க்க வந்த பையன்கள். மூன்று பேர் சட்டையும் ஒரே பீஸில் வெட்டித் தைத்தது போலவே இருக்கும். "ஸ்பென்சர் வாசல்ல எடுத்தது" என்பார் அம்மா, மவுண்ட் ரோட்டில் இருந்த அந்தப் பெரிய கடையைச் சொல்லி. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிவந்தோம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்தை ஒட்டி எங்கள் குடியிருப்பில் ஒரு சின்னப் படக் கண்காட்சி வைத்தோம். பழைய படங்களைப் பார்த்து இடம் கண்டுபிடிப்பது எனக்கு ஆறேழு வருஷப் பழக்கம். அதனால் தலைப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அப்பா படத்தையும் ஆணியிலிருந்து எடுத்து வந்து, கீழே "ஸ்பென்சர், மவுண்ட் ரோடு, 1960 வாக்கில்" என்று அழகாக எழுதி வைத்தேன்.

மாலையில் கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"தம்பி, இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"ஸ்பென்சர் இல்லியே. மூர் மார்க்கெட்னா இது. இந்தத் தாழ்வாரத்துல எட்டணாவுக்கு லாகரிதம் புஸ்தகம் வாங்கியிருக்கேன் நான்."

"அப்படியா சார்" என்றேன், 'இல்லை' என்று அர்த்தம் வருகிற மாதிரி. அவருக்கு அது புரிந்துவிட்டது. "பின்னால ஏதாவது எழுதியிருக்கா?" என்றார். எழுதியிருந்தது. பென்சிலில், அப்பாவின் கோழிக்கிறுக்கலில்: "உயிர் காலேஜ் போன அன்று." அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 'உயர் கல்லூரி' என்று எழுத வந்து ஏதோ பிழையாகிவிட்டது, பிரசிடென்சி காலேஜைச் சொல்கிறார் போல என்று நினைத்து அதோடு விட்டிருந்தேன்.

பெரியவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "உயிர் காலேஜ்னா மிருகக்காட்சி சாலைப்பா. செத்த காலேஜ்னா மியூசியம். அந்தக் காலத்துல மெட்ராஸ்ல எவனைக் கேட்டாலும் சொல்லுவான்."

சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டுக்குப் பின்புறம் பீப்பிள்ஸ் பார்க்கில்தான் மிருகக்காட்சி சாலை இருந்தது. 1855-ல் எழும்பூர் மியூசியம் வளாகத்தில் தொடங்கி, சில வருஷங்களில் அங்கே போனது. 1985-ல் வண்டலூருக்கு மாறியது. அதே 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. உயிர் காலேஜும் அதன் வாசல் கடைத்தெருவும் ஒரே வருஷத்தில் போய்விட்டன. தொண்ணூறுகளின் நடுவில் மெட்ராஸுக்கு வந்த எனக்கு அந்தச் சொல் காதிலேயே விழுந்ததில்லை.

இங்கே நான் செய்த முதல் தப்பு, புரியாத சொல்லை எழுத்துப் பிழை என்று முடிவு கட்டியது. படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருப்பது புரியவில்லை என்றால் அந்த ஊரில் அந்த வயதுள்ள ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைக் காகிதத்துக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். பென்சில் அழிந்தாலும் அழுத்தின தடம் நிழலாக எழும்.

அதற்காகப் பெரியவர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கல்நெஞ்சக்காரன். "நான் அங்கேயே வளர்ந்தவன்" என்று அடித்துச் சொன்னவர்கள் காட்டிய இடம் பக்கத்துத் தெருவாக இருந்ததை நிறையப் பார்த்துவிட்டேன். மிருகக்காட்சி சாலைக்குப் போன அன்று ஸ்பென்சர் வாசலிலும் ஒரு படம் எடுத்திருக்கலாமே? உயிர் காலேஜ் என்பது அந்த நாளைத்தான் சொல்கிறது, படம் எடுத்த இடத்தை இல்லை.

ஆதாரம் தேடிச் சட்டத்திலிருந்து படத்தைப் பிரித்தேன். அப்போதுதான் வயிற்றெரிச்சல் தொடங்கியது. கண்ணாடிச் சட்டத்தின் அளவுக்குப் பொருந்துவதற்காகப் படத்தின் இடது பக்கத்தை ஒரு அங்குலம் கத்தரித்திருந்தார் சட்டம் போட்டவர். நடுவில் மூன்று பேரும் முழுசாக இருக்கிறார்கள், அவர் வேலை சுத்தம்தான். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு அங்குலத்தில் இருந்தது.

யாரிடமாவது இன்னொரு பிரதி இருக்க வேண்டும் என்று நினைத்து, திண்டிவனத்தில் சித்தி வீட்டுப் பரணையில் ஏறினேன். கறுப்பு அட்டை ஆல்பம், பக்கத்துக்குப் பக்கம் சிலந்திக்கூடு போல டிஷ்யூ தாள். நாலு மூலையிலும் முக்கோணத் தாளில் செருகியிருந்த படத்தில் வெள்ளை விளிம்பு முழுசாக இருந்தது. வெட்டுப்படாத இடது ஓரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு மரம். மரத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு மணிக்கூண்டின் மேல்பாதி. கீழே தாழ்வாரத் தூணில் சாய்த்த ஒரு தகரப் பலகை, அதில் பாதி மறைந்து "விலை" என்ற எழுத்து.

வெள்ளை மணிக்கூண்டு என்றதும் மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகைதான். மெட்ராஸின் பெரிய கட்டிடங்கள் பெரும்பாலும் செங்கல் சிவப்பு. 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை வெள்ளை வெளேரென்று தனியாகத் தெரியும், கறுப்பு வெள்ளைப் படத்திலும் தெரியும். அதற்கு வலப்புறத்தில், நடந்து போகும் தூரத்தில் வளைவுத் தாழ்வாரம் வைத்த கட்டிடம் என்றால் மூர் மார்க்கெட்டைத் தவிர வேறு இல்லை. அப்புறம் மூர் மார்க்கெட்டின் பழைய படங்கள் சிலவற்றோடு வைத்துத் தூணின் தலை, வளைவின் உச்சி, மேலே கைப்பிடிச் சுவர் என மூன்றையும் ஒப்பிட்டேன். மூன்றும் ஒத்துப்போயின. பெரியவருக்குப் போன் பண்ணி ஒப்புக்கொண்டேன். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். அதில் ஒரு தப்பும் இல்லை.

அன்றிலிருந்து யார் படம் கொண்டுவந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஓரங்களைத்தான். படம் எடுக்கிறவர் நடுவில் ஆளை நிறுத்துகிறார். ஆளுக்குப் பின்னால் எது பார்க்க லட்சணமோ அதை வைக்கிறார். ஓரத்தில் வந்து விழுவது அவர் கண்ணில் படாமல் தானாக விழுந்தது. ஊர் அங்கேதான் இருக்கும். ஆகையால் சட்டம் போட்ட படமாக இருந்தால் தயவுசெய்து பிரித்துப் பாருங்கள், சட்டத்தின் உதடு மட்டுமே அரை அங்குலத்தை விழுங்கியிருக்கும். ஸ்கேன் எடுக்கும்போது வெள்ளை விளிம்போடு, பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ போதும். தீப்பெட்டி அளவில் இருக்கும் சின்னப் பிரிண்ட் என்றால் 1200 வையுங்கள். போனில் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினால் ஓரத்து எழுத்துகள்தான் முதலில் கரைந்துபோகும்.

ஸ்பென்சர் என்று நாங்கள் நம்பியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மெட்ராஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் எழுந்த பெரிய கட்டிடங்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி ஜாடை. சிவப்புச் செங்கல், கூரான வளைவு, மூலைக்கொரு குட்டிக் கோபுரம், மேலே குமிழ். இந்தோ சாரசெனிக் பாணி என்பார்கள். ராபர்ட் சிஷோம், ஹென்றி இர்வின் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் வரைந்தார்கள். கட்டியதில் நம்பெருமாள் செட்டியார் பெயர் திரும்பத் திரும்ப வரும். மவுண்ட் ரோடு ஸ்பென்சர் 1895, மூர் மார்க்கெட் 1900. ஐந்து வருஷ இடைவெளி. ஸ்பென்சர் கட்டிடமும் எண்பதுகளில் தீக்கு இரையாகி, அந்த இடத்தில்தான் இன்றைய பிளாசா நிற்கிறது. இரண்டும் கண்ணெதிரே இல்லாததால் ஒன்றை மற்றொன்றாக நினைப்பது சுலபம்.

அதனால் குமிழையும் வளைவையும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். எண்ணுங்கள். இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் எத்தனை ஜன்னல், கீழ்த்தளத்தில் வளைவு மூன்றா ஐந்தா, மாடி ஜன்னல் கீழ் வளைவுக்கு நேராக வருகிறதா தள்ளி வருகிறதா. காகிதத்தில் பெட்டி பெட்டியாகக் கிறுக்கிக்கொண்டால் போதும். அழகு ஒரே மாதிரி இருக்கும், எண்ணிக்கை மாறும். இன்றைக்கு இருக்கும் கட்டிடத்தோடு ஒப்பிடுவதானால் தரைத்தளத்தை மறந்துவிட்டு மாடியிலிருந்து தொடங்குங்கள். தரைத்தளம் ஷட்டரும் ஃப்ளெக்ஸும் போட்டு அடையாளம் தெரியாமல் போயிருக்கும். சௌகார்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் செல்போன் கடைக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் 1920-களின் சுதை வேலைப்பாடு தூசியோடு அப்படியே இருக்கும்.

ஆனால் மாடியும் சில சமயம் காலை வாரும். சிஷோம் வரைந்த பெரிய தபால் நிலையம் ராஜாஜி சாலையில் இன்றைக்கும் இருக்கிறது. 1884-ல் கட்டியது. பழைய படங்களில் அதன் கோபுரங்களுக்கு மேலே கூம்புத் தொப்பிகள் இருக்கும், இன்று இல்லை. பழைய படத்தைக் காட்டினால் தினமும் அந்த வழியாகப் போகிறவருக்கே அடையாளம் தெரியாது. பிரசிடென்சி காலேஜ் கதை நேர்மாறு. நான்கு பக்கமும் கடிகாரம் வைத்த குவிமாடம் 1940-ல்தான் ஏறியது. கட்டிடம் 1870-லேயே முடிந்துவிட்டது. குவிமாடம் இல்லாத மொட்டை மண்டையோடு ஒரு படம் வந்தால் "இது பிரசிடென்சி இல்லை" என்று சொல்லத் தோன்றும். நான் சொல்லியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய சறுக்கல் மெரினாவில். ஒருவர் தன் தாத்தாவின் பெட்டியில் கிடைத்த படம் என்று கொடுத்தார். கடற்கரைச் சாலை. முன்னால் பெரிதாகப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், தூரத்தில் பொடியாகப் பிரசிடென்சி. மணலும் கடலும் வலது பக்கம். செனட் ஹவுஸ் பக்கத்தில், பிரசிடென்சி தூரத்தில் என்றால் நேப்பியர் பாலத்துப் பக்கம் நின்று தெற்கே பார்த்து எடுத்திருக்க வேண்டும். தெற்கே பார்த்தால் வங்காள விரிகுடா இடது கைப்பக்கம்தானே வரும்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். 'கடற்கரைச் சாலைக்கு முன்பு வேறு தடம் இருந்திருக்குமோ' என்றெல்லாம் யோசித்து, பழைய வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எதேச்சையாகப் பக்கத்தில் வந்த என் மகள் "இதுல எல்லாரும் ரைட்ல போறாங்களேப்பா" என்றாள். மாட்டு வண்டியும் ஜட்காவும் சாலையின் வலப்புறம் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் ஒரு தடவை இடம் வலமாகப் புரட்டிப் பார்க்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. பலகை எழுத்து இடம் வலமாக மாறியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எழுத்தே இல்லாத படத்தில்தான் ஏமாறுவோம். வண்டிகள் எந்தப் பக்கம் போகின்றன, ஆண்கள் சட்டையில் பட்டன் எந்தப் பக்கம், புடவைத் தலைப்பு எந்தத் தோளில் என்று பாருங்கள். புடவை கட்டும் முறை சாதிக்குச் சாதி மாறும் என்பதால் கூட்டத்தில் நாலு பேரையாவது பார்க்க வேண்டும்.

நிழல் விஷயத்தில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். கிழக்கு மேற்காக ஓடும் ஒரு தெருவில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. படத்தில் வீட்டு முகப்பில் நல்ல வெயில், நிழல்கள் குட்டை குட்டையாகக் காலடியில், ஆக நடுப்பகல். நடுப்பகலில் முகப்பில் வெயில் விழுகிறது என்றால் தெற்குப் பார்த்த வீடு என்று முடிவு செய்து, தெருவின் வடசிறகில் உள்ள வீடுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் எதிர்ச்சிறகில் இருந்தது அந்த வீடு, வடக்குப் பார்த்த வாசல்.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதற்கப்புறம் ஆகஸ்ட் நடு வரைக்கும் நடுப்பகலில் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். கத்திரி வெயில் நாளில் எடுத்த படம் என்றால் மதிய நிழல் தெற்கே விழும், வடக்கு வாசலில் வெயில் அடிக்கும். நான் இணையத்தில் படித்த நிழல் சூத்திரங்கள் எல்லாம் ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதியவை. அங்கே சூரியன் எப்போதும் தெற்கேதான். இங்கே மாதம் தெரியாமல் மத்தியான நிழலைத் தொடாதீர்கள். காலை, மாலை நிழல் நம்பலாம். கிழக்குக் கிழக்குதான்.

இனி அந்தத் தகரப் பலகை. "விலை" என்று எழுதியிருந்ததே, அதில் 'லை' யானைத் தும்பிக்கை வைத்த பழைய லை. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாகப் போட்டபோது பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை. அப்பா படத்துக்கு இது பெரிதாக உதவவில்லை, அவர் வாலிபத்தில் எல்லாப் பலகையிலும் தும்பிக்கைதான். ஆனால் எழுபதுகளின் படங்களுக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

ஒரு படத்தில் கடைப் பலகையில் முகவரி "அண்ணா சாலை" என்று இருந்தது. ணாவும் பழையது, லையும் பழையது. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது 1969-ல் அண்ணா மறைந்ததற்குப் பிறகு. எழுத்து மாறியது 1978. ஆக, இடையில் ஒரு பத்து வருஷத்துக்குள் பலகை எழுதப்பட்டிருக்கிறது. அதே பலகையில் "சென்னை-600 002" என்றும் இருந்தது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. இன்னும் மூன்று வருஷம் கழிந்தது. ஒரு கடையின் பெயர்ப் பலகை, இரண்டு வரி, படம் எடுத்தவர் கவனிக்கவே கவனிக்காதது.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஆணை போட்டதும் பெயிண்டர்கள் மறுநாளே தூரிகையை மாற்றிக்கொள்ளவில்லை. எண்பதுகளிலும் தும்பிக்கை லை எழுதியவர்கள் இருந்தார்கள். எழுதின பலகையும் இருபது வருஷம் தொங்கும். அதேபோல் பின்கோடு வந்த பிறகும் "சென்னை-2" என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள். எனவே 600 என்று இருந்தால் 1972-க்குப் பிறகு என்று துணிந்து சொல்லலாம். இல்லாததால் அதற்கு முன்பு என்று சொல்லக்கூடாது. படத்தில் இருப்பது சாட்சி. இல்லாததைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் மாட்டிக்கொள்வோம். சினிமா போஸ்டரும் இந்த ரகம்தான். எம்.ஜி.ஆர். படங்கள் எத்தனை முறை மறுவெளியீடு கண்டன என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

மெட்ராஸ் படங்களில் காலம் சொல்ல எனக்குக் கைகொடுக்கும் சில மைல்கற்கள் உண்டு. கடற்கரைப் பக்கம் என்றால் கலங்கரை விளக்கம். 1844-லிருந்து ஒற்றைக் கல்தூண், 1894-லிருந்து உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சி, 1977-லிருந்து மெரினாவில் இப்போது இருப்பது. மூன்றாவதன் உருவம் படத்தில் இருந்தால் பேச்சே இல்லை. நேப்பியர் பாலத்தில் வில் வளைவுகள் இருந்தால் 1943-க்குப் பிறகு, முன்பு இருந்தது இரும்புப் பாலம். மவுண்ட் ரோடு என்றால் வானத்தைப் பாருங்கள், எல்.ஐ.சி. எழுந்தது 1959. தரையைப் பார்த்தால் டிராம் தண்டவாளம். டிராம் ஓடியது 1895-லிருந்து 1953 வரை. தண்டவாளம் இருக்கிறது, டிராம் இல்லை என்றால் உடனே 'நின்ற பிறகு' என்று குதிக்காதீர்கள், டிராம் அடுத்த ஸ்டாப்பில் இருந்திருக்கும். ஸ்பென்சர் பக்கத்தில் நடுரோட்டில் வெள்ளைக்காரச் சிலை நின்றால் அது ஜெனரல் நீல். 1937-ல் ராஜாஜி முதல்வரானபோது அதைப் பெயர்த்து மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்த்திசையில், தீவுத்திடலில் குதிரை மேல் இருக்கும் கவர்னர் மன்றோ சிலை 1839-லிருந்து அசையவில்லை, அவர் காலம் சொல்ல உதவமாட்டார், திசை சொல்வார்.

அச்சிட்ட தபால் அட்டைகளில் கீழே இருக்கும் தலைப்பை நான் நம்புவதே இல்லை. படம் எடுத்தவர் ஒருவர், அட்டை அடித்தவர் இன்னொருவர், அது எந்த ஊர் என்றே தெரியாமல் கப்பலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தலைப்புப் போட்டவர் மூன்றாமவர். தபால் முத்திரைத் தேதி அட்டை போன தேதிதான். அதே நெகட்டிவை வைத்துப் பத்துப் பதினைந்து வருஷம் அட்டை அடித்து விற்றிருக்கிறார்கள். கையால் வண்ணம் தீட்டியவற்றில் வண்ணமும் கற்பனை. இப்போது அதற்கு வாரிசாகச் செயலிகள் வந்துவிட்டன. மங்கிய படத்தைப் போட்டால் பளிச்சென்று திருப்பித் தருகின்றன. முகம் தெளிவாகிறது, ஆனால் அது யார் முகம் என்று கேட்கக்கூடாது. பின்னணிப் பலகையில் இல்லாத எழுத்தைக் கோலம் போல வரைந்து வைக்கின்றன. ஒருவர் அப்படித் 'தெளிவாக்கிய' படத்தில் ஜன்னலை எண்ணி என்னோடு சண்டைக்கு வந்தார். மூலப்படத்தில் அந்த இடத்தில் ஜன்னலே இல்லை, ஒரு கறை. அழகுக்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், ஆராய்ச்சிக்கு ஸ்கேன் மட்டும் போதும்.

எழுத்து ஆதாரத்துக்கு நான் அதிகம் போவது பழைய டைரக்டரிகளிடம். வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸில் அசைலம் பிரஸ் அல்மனாக் என்று வருஷா வருஷம் வந்தது. தலையணை கனம். தெருத் தெருவாக, கதவிலக்கத்தோடு எந்த வீட்டில் யார், எந்தக் கடை என்று போட்டிருக்கும். படத்தில் பலகையின் பாதிப் பெயர் கிடைத்தால், அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வருஷப் புத்தகங்களைப் புரட்டினால் கடை எப்போது வந்தது, எப்போது இடம் மாறியது என்று பிடித்துவிடலாம். கதவிலக்கம் மட்டும் கவனம். புது நம்பர், பழைய நம்பர் குழப்பம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக எப்போதும் நேரில் போய் நிற்பேன். பிரிண்டைக் கையில் பிடித்து, இரண்டு கட்டிடங்களின் விளிம்பு படத்தில் எப்படி உரசுகிறதோ அப்படி உரசும் வரைக்கும் முன்னே பின்னே நகர்ந்து பார்ப்பது. ஓரடி நகர்ந்தால் போதும், பின்னால் இருப்பது மறைந்துவிடும். அந்த இடத்தில்தான் படம் எடுத்தவரின் கால் இருந்திருக்கும். போலீஸ்காரர் "என்ன சார் பாக்கறீங்க" என்று கேட்டால் படத்தைக் காட்டுங்கள். இதுவரை யாரும் விரட்டவில்லை. ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துத் தன் பாட்டனார் கதையைச் சொன்னார்.

அப்பா படத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. டிக்கெட் வாங்கும் கூட்டத்துக்கு நடுவே நின்று மேற்கே பார்த்தேன். ரிப்பன் மாளிகையின் மணிக்கூண்டு இருந்தது, கிட்டத்தட்ட அதே சாய்வில். அதோடு சரி.

வருஷத்தைக் கட்டிடம் சொல்லவில்லை, ஆட்கள்தான் சொன்னார்கள். அப்பாவின் இடது மணிக்கட்டில் ஒரு வாட்ச் பட்டை தெரிகிறது. முதல் சம்பளத்தில் வாங்கியது என்று அம்மாவுக்குத் தெரியும். வேலை உத்தரவு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, 1958. இடது பக்கம் நிற்கும் சிநேகிதர் சீனா சண்டை சமயத்தில் பட்டாளத்துக்குப் போனார், அப்புறம் வடக்கேயே தங்கிவிட்டார் என்றார் சித்தி. ஆக 1958-க்கும் 1962-க்கும் நடுவில். இதற்கு மேல் இறுக்க என்னால் முடியவில்லை. பொய்யாக ஒரு வருஷத்தைப் போடவும் மனசில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, வெட்டுப்படாத படத்தைப் புதுப் பிரிண்ட் போட்டு, ஓரம் மறையாத சட்டத்தில் வைத்து அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரிப்பன் மணிக்கூண்டு, தும்பிக்கை லை, உயிர் காலேஜ் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ஸ்பென்சர் இல்லியா?"

"இல்லம்மா. மூர் மார்க்கெட்."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு பாக்க வந்தப்ப இந்தப் படத்தைத்தான் எங்கப்பாகிட்ட காட்டினாராம். ஸ்பென்சர்ல பிஸ்கட் வாங்கப் போனப்ப எடுத்ததுன்னு சொன்னாராம்."

படத்தின் கீழே ஒட்ட நான் அடித்து வைத்திருந்த சீட்டை வாங்கிப் படித்தார். மடித்து, சட்டத்தின் பின்பக்க அட்டையில் செருகினார்.

"இது பின்னாலயே இருக்கட்டும். முன்னால ஸ்பென்சர்னே எழுது."